தண்டனை ஒன்றைப் பயன்பாட்டுவாத முறையில் எடைபோடுவது எப்படி

ஒரு குற்றத்துக்கு இன்ன தண்டனை வேண்டும் என்று ஒருவர் சொல்லும்போது, அந்தக் கோரிக்கையைப் பயன்பாட்டுவாத முறையில், அதாவது அதனால் எல்லோருக்கும் விளையும் இன்பதுன்பங்களைக் கூட்டிக் கழித்து, எடைபோட விரும்புகிறவர் முதலில் எழுத வேண்டியது, தண்டிக்கப்படுகிறவர் படப்போகும் துன்பத்தை. இந்தத் தொடக்கமே பலருக்குக் கசக்கும். கொடுமை செய்தவன் படும் வேதனையை நாம் ஏன் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்பார்கள். ஆனால் 1789இல் வெளிவந்த தம் நூலில், இந்தக் கொள்கையை வகுத்த ஆங்கில மெய்யியலாளர் ஜெரமி பெந்தாம் இந்த இடத்தில் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. தண்டனை எதுவாயினும் தன்னளவில் அது ஒரு தீங்கு. அதைவிடப் பெரிய தீங்கைத் தடுக்கும் என்று காட்ட முடிந்தால் மட்டுமே அதற்கு இடமுண்டு என்றார் அவர். இன்பமும் துன்பமும் யாருடையவை என்று பாராமல் தராசில் ஏற வேண்டும் என்பதே இந்தக் கொள்கையின் அடித்தளம். ஆகவே குற்றவாளியின் துன்பத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் கூட்டிக் கழித்துப் பார்ப்பவர் வேறு ஏதோ செய்கிறாரே தவிர, பயன்பாட்டுவாதக் கணக்குப் போடவில்லை.

குறிப்பிட்ட ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒரு தாளில் வரவு, செலவு என இரண்டு பத்திகள் போட்டுக்கொண்டு இதைச் செய்து பார்ப்பது நல்லது. நான் எடுத்துக்கொள்வது, 2018இல் இந்தியக் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதி: 12 வயதுக்குட்பட்ட சிறுமியை வன்புணர்ந்தவருக்கு மரண தண்டனை வரை விதிக்கலாம். மறு ஆண்டே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கான போக்சோ சட்டத்திலும் மரண தண்டனை இடம்பெற்றது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் அதைத் தொடர்கிறது. இந்தக் கேள்வியில் நம் கோபம் முழுக்க நியாயமானது. அப்படிப்பட்ட கோபம் இருக்கும் இடத்தில்தான் கணக்கு தப்பிப்போவதும் அதிகம் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன். குழந்தைகளைக் காப்பது நம் நோக்கமென்றால், நாம் கேட்கும் தண்டனை அவர்களை உண்மையில் காக்கிறதா என்று பார்க்கும் கடமையும் நமக்கு உண்டு.

செலவுப் பத்தியை நிரப்பப் பெந்தாம் ஏழு அளவைகளைத் தருகிறார். துன்பம் எவ்வளவு கடுமையானது, எவ்வளவு காலம் நீடிக்கும், நிகழ்வது எவ்வளவு உறுதி, எவ்வளவு விரைவில் நிகழும், அதிலிருந்து மேலும் துன்பங்கள் கிளைக்குமா, இன்பம் ஏதேனும் அதில் கலந்திருக்கிறதா, எத்தனை பேரைத் தொடும் என்பவையே அவை. இவற்றுக்கு எண்கள் கொடுக்க முயல வேண்டாம். இரண்டு தண்டனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த அளவையில் எது மிகுதி என்று ஒப்பிட்டாலே போதும். பெரும்பாலோர் முதல் இரண்டை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது கடைசி அளவையில், அதாவது எத்தனை பேரைத் தொடும் என்பதில்.

மத்தியச் சிறை ஒன்றின் வாசலில், கைதிகளைப் பார்க்க மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களின் வரிசையை ஒரு முறை பார்த்திருக்கிறேன். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, துணிப்பையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் இரண்டு பனியனும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் பள்ளிச் சீருடையில் நின்ற பேரனின் கையைப் பிடித்திருந்தார். காலைப் பேருந்தில் வந்தவருக்கு அன்றைய கூலி போயிற்று. பையனுக்கு அன்றைய பள்ளி போயிற்று. அந்த அம்மாவின் மகன் குற்றவாளியா இல்லையா என்பதை எந்த நீதிமன்றமும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அவர் விசாரணைக் கைதி. 2022ஆம் ஆண்டுக்கான அதிகாரப்பூர்வச் சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பேர் இத்தகையவர்கள். தீர்ப்பு வரும் முன்பே துன்பத்தின் பெரும்பகுதி கொடுத்து முடிக்கப்பட்டுவிடும் ஓர் ஏற்பாட்டில், சட்டப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் ஆண்டுகளை மட்டும் செலவாக எழுதுவது பொய்க்கணக்கு. காத்திருப்பையும், வீட்டார் இழந்த வருமானத்தையும், அந்தப் பையனின் பள்ளியையும் எழுதுங்கள்.

இனி வரவு. தண்டனை என்ன வாங்கித் தருகிறது என்று கேட்டால், மற்றவர்களைத் தடுப்பது, அவரையே மறுபடி செய்யாமல் தடுப்பது, சிறையிலிருக்கும் காலம்வரை தீங்கு செய்ய முடியாமல் ஆக்குவது, இயன்றால் திருத்துவது என்று நான்கைச் சொல்லலாம். பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்கும் மனநிறைவையும் பெந்தாம் மறுக்கவில்லை. அதையும் வரவில் எழுதலாம் என்கிறார். ஆனால் அந்த நிறைவு ஒருபோதும் தண்டனையின் வலிக்கு ஈடாகும் அளவுக்குப் பெரிதாக இருப்பதில்லை என்பதால், அதற்காக மட்டுமே தண்டனையைக் கூட்டுவது அவருக்கு ஏற்புடையதன்று. பாதிக்கப்பட்டவரின் துயரத்தைக் குறைப்பது நம் நோக்கமென்றால் அதற்கான நேர்வழி இழப்பீடும் சிகிச்சையும் என்பதால், அவற்றைத் தண்டனையோடு கலக்காமல் தனி வரியில் எழுத வேண்டும். இப்படிப் பிரித்து எழுதியவுடனே ஒரு விஷயம் கண்ணில் படும். தண்டனையைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். இழப்பீடு அந்தக் குழந்தையின் கைக்கு வந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டு பத்திகளையும் ஒப்பிடும் முன் கடக்க வேண்டிய நான்கு வாயில்களையும் பெந்தாம் வகுத்திருக்கிறார். தடுக்க வேண்டிய தீங்கே இல்லாத இடத்தில் தண்டனை ஆதாரமற்றது. சிறு குழந்தைகளுக்கும் மனநிலை பிறழ்ந்தவர்களுக்கும் போல, தண்டனை அச்சம் மனத்தில் வேலை செய்ய முடியாத இடத்தில் அது பயனற்றது. தடுக்கும் தீங்கைவிடத் தரும் தீங்கு பெரிதென்றால் நட்டம். வேறு எளிய வழியில் அதே தடுப்பு கிடைக்குமென்றால் அது தேவையற்றது. நாம் எடுத்துக்கொண்ட கேள்வி முதல் இரண்டு வாயில்களையும் தடையின்றிக் கடந்துவிடும். மூன்றாவதிலும் நான்காவதிலும்தான் நின்று பார்க்க வேண்டும்.

அங்கே நிற்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இந்தத் தண்டனை விதிக்கப்படுவது எவ்வளவு உறுதி என்பது. குற்றம் செய்ய நினைப்பவனைத் தடுப்பதில் தண்டனையின் கடுமையைவிட அது தப்பாமல் வரும் என்ற உறுதியும், தாமதமின்றி வரும் என்ற விரைவும் வலிமையானவை என்று மிலானைச் சேர்ந்த சட்டச் சிந்தனையாளர் செசாரே பெக்காரியா 1764இலேயே எழுதினார். இது வெறும் அறிவுரையாக நின்றுவிடவில்லை. இங்கிலாந்தின் சட்ட வரலாறு இதை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சோதித்துப் பார்த்தது.

1760களில் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன் எண்ணிப் பார்த்தபோது இங்கிலாந்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் 160 இருந்தன. பிறகு அந்த எண்ணிக்கை மேலும் ஏறியது. கடையிலிருந்து 5 ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளை மறைவாகத் திருடினால் தூக்கு. குடியிருக்கும் வீட்டிலிருந்து 40 ஷில்லிங் திருடினால் தூக்கு. இவ்வளவு கடுமையான சட்டத்தின் கீழ் லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நடந்ததைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கடைக்காரர் தம் துணியின் உண்மை விலையைச் சாட்சிக்கூண்டில் சொல்கிறார். குடிமக்களில் தேர்ந்தெடுத்த நடுவர் குழுவான ஜூரி கூடிப் பேசிவிட்டு, குற்றம் செய்தது உண்மைதான், ஆனால் திருடிய பொருளின் மதிப்பு 4 ஷில்லிங் 10 பென்ஸ் என்று தீர்ப்புச் சொல்கிறது. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங் என்பதால், கழுத்துக்கும் கயிற்றுக்கும் இடையே 2 பென்ஸ் இடைவெளியை ஜூரி உண்டாக்கி வைத்தது. வீட்டுத் திருட்டு வழக்குகளில் இதே காரணத்தால் 39 ஷில்லிங் என்ற மதிப்பு திரும்பத் திரும்ப வரும். பணமாகவே திருடப்பட்டிருந்த வழக்குகளில்கூடச் சத்தியம் செய்துகொடுத்த அந்த மனிதர்கள் பணத்தை அதன் மதிப்பைவிடக் குறைத்து எழுதினார்கள். இரக்கத்தால் சொல்லும் இந்தப் பொய்ச்சத்தியத்துக்குப் பிளாக்ஸ்டனே ஒரு பெயர் வைத்திருந்தார்.

சாமுவேல் ரோமிலி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இதைத்தான் எடுத்துக் காட்டி வாதிட்டார். 1808இல் சட்டைப்பைத் திருட்டுக்கான மரண தண்டனையை நீக்க அவரால் முடிந்தது. 1810இல் கடைத் திருட்டுக்கான 5 ஷில்லிங் விதியை நீக்கக் கொண்டுவந்த மசோதாவைப் பிரபுக்கள் சபை தோற்கடித்தது. எதிர்த்து வாக்களித்தவர்களில் கான்டர்பரி பேராயர் உட்பட 7 பிஷப்புகளும் இருந்தார்கள். பிறகு 1830இல், கள்ளக் கையெழுத்துக் குற்றத்துக்கான மரண தண்டனையை நீக்குங்கள் என்று நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தவர்கள் யார் தெரியுமா? வங்கி முதலாளிகள். கள்ளக் கையெழுத்தால் பணம் இழப்பவர்கள் அவர்களே. கயிறு காத்திருக்கிறது என்பதால் சாட்சிகள் வாய் திறக்க மறுக்கிறார்கள், ஜூரிகள் விடுவித்துவிடுகிறார்கள், ஆகவே இந்தச் சட்டம் எங்கள் உடைமையைக் காக்கவில்லை என்று அவர்கள் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். கருணைக்காக எழுதப்பட்ட மனு அல்ல அது. அதனாலேயே எனக்கு அதன் மேல் மதிப்பு மிகுதி.

இப்போது உங்கள் தாளுக்குத் திரும்பி, இதே கேள்வியைக் குழந்தையின் வழக்கில் கேளுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுவது, இத்தகைய வழக்குகளில் குற்றம் சாட்டப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் என்பதை. சித்தப்பாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, பாடம் சொல்லித்தருபவரோ குற்றவாளியாக இருக்கும் வீட்டில், புகார் கொடுத்தால் தூக்கு என்ற நிலை யாருடைய வாயை அடைக்கும் என்று யோசியுங்கள். உன் பேச்சால் ஓர் உயிர் போகப்போகிறது என்று எட்டு வயதுக் குழந்தையிடம் பாட்டியே சொல்லக்கூடும். புகார் வந்த பிறகும், வழக்கு நடக்கும் ஆண்டுகளில் சாட்சிகள் பிறழ்சாட்சிகள் ஆவதற்கான நெருக்குதல், தண்டனையின் கடுமையோடு சேர்ந்தே கூடும். குழந்தையின் சாட்சியத்தை 30 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், விசாரணையை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று போக்சோ சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. உறுதியையும் விரைவையும் தரும் அந்த வரிகளை நிறைவேற்றுவதற்குப் போதிய நீதிமன்றங்களும் பணியாளர்களும் வேண்டும். தண்டனையின் பெயரை மாற்றுவதற்கு ஓர் அச்சு இயந்திரம் போதும்.

அடுத்த கேள்வியைப் படிக்கட்டுக் கேள்வி என்று சொல்வேன். குற்றங்களின் படிகளுக்கும் தண்டனைகளின் படிகளுக்கும் இடையே இசைவு இருக்கிறதா? ஒருவன் ஒரு குற்றத்தைச் செய்துவிட்ட பிறகும், அதற்கு மேல் ஒரு படி ஏறாமல் இருப்பதற்கு அவனுக்குக் காரணம் மிச்சமிருக்க வேண்டும். பெந்தாமின் சிந்தனையில் ஊறிய வரைவு ஒன்று நம் நாட்டுச் சட்டத்துக்கே மூலமாக இருப்பதால், இதற்கான எடுத்துக்காட்டைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் கொடுத்த அந்த வரைவுதான் திருத்தங்களோடு 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வரைவோடு சேர்த்த விளக்கக் குறிப்பில், கொள்ளையரையும் வன்புணர்வோரையும் கொலைகாரரோடு ஒரே தண்டனையில் வைப்பது உயிர்களின் பாதுகாப்பைக் குறைக்கும் ஏற்பாடு என்று ஆணையம் எழுதியது. அந்தக் குற்றங்களைச் செய்கிறவனுக்குக் கொலையும் செய்வதற்கான வாய்ப்பு அநேகமாக எப்போதும் கையில் இருக்கிறது. ஒரே சாட்சியைக் கொலையால் அகற்றிவிடலாம். கொலைக்கும் அதே கயிறுதான் என்றால் அவனைத் தடுக்க எதுவும் இல்லை என்பது அதன் காரணம். இந்த வாதத்தை முதன்முறை படித்தபோது என் கேள்விக்கான விடை ஏறத்தாழ முடிவாகிவிட்டது. அந்த ஒரே சாட்சி இங்கே ஒரு குழந்தை. வன்புணர்வுக்கு மரண தண்டனை வேண்டாம் என்று குற்றவியல் சட்டத் திருத்தங்களை ஆராய்ந்த நீதிபதி வர்மா குழு 2013இல் பரிந்துரைத்தபோது அது குற்றவாளிகள் மேல் கொண்ட மென்மை என்று பேசியவர்கள், இந்தப் படிக்கட்டை ஒரு முறை ஏறிப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவதாகக் கேட்க வேண்டியது, தண்டனை வெளியே தோன்றும் அளவும் உள்ளே அனுபவிக்கப்படும் அளவும் ஒன்றுதானா என்பது. பிறரைத் தடுப்பது தோற்றம், வலிப்பது உண்மை. ஆகவே குறைந்த வலியில் மிகுந்த அச்சத்தை உண்டாக்கும் தண்டனையே சிக்கனமானது என்பது பெந்தாமின் கணக்கு. கடிதோச்சி மெல்ல எறிக, அதாவது கடுமையாக ஓங்கி மெல்ல அடி, என்று திருக்குறளில் அரசனுக்குச் சொல்லப்பட்டிருப்பதும் இதற்கு வெகு அருகில் நிற்கிறது. ஆனால் இதே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு இரண்டு பயன்பாட்டுவாதிகள் எதிரெதிர் முடிவுகளுக்கு வந்திருக்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. மரண தண்டனை திருத்த முடியாதது, சாட்சிகளைத் தயங்க வைப்பது, பாதிக்கப்பட்டவருக்கு எதையும் ஈடுசெய்யாதது என்று பெந்தாம் எதிர்த்தார். 1868 ஏப்ரல் 21 அன்று நாடாளுமன்றத்தில் பேசிய ஜான் ஸ்டூவர்ட் மில்லோ, கொடிய கொலைகளுக்கு அதை வைத்திருக்க வேண்டும் என்றார். ஆயுள் முழுதும் கடும் உழைப்போடு அடைபட்டிருப்பது உண்மையில் மரணத்தைவிடக் கொடிது, ஆனால் கேட்பவர் மனத்தில் மரணமே பெரிதாக அச்சுறுத்துகிறது, எனவே தூக்கே குறைந்த வலியில் கூடுதல் தடுப்பைத் தரும் என்பது அவர் வாதம். மில்லின் தர்க்கத்தில் பிழை இல்லை. அவர் உண்மையென்று எடுத்துக்கொண்ட ஒரு தகவல்தான் சந்தேகத்துக்குரியது. ஆயுள் தண்டனையைவிட மரண தண்டனை கூடுதலாகத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை என்று இந்தியச் சட்ட ஆணையம் 2015இல் கொடுத்த 262ஆவது அறிக்கையில் முடிவுக்கு வந்தது. நீங்கள் யாருடைய வாதத்தை எடைபோட்டாலும், கொள்கை எது, நடைமுறைத் தகவல் எது என்று அடிக்கோடிட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். தகவலுக்கு ஆதாரம் கேளுங்கள்.

கடைசியாக வருவது இந்த முறையின் மேல் வைக்கப்படும் மிகக் கனமான குற்றச்சாட்டு. பயன் மட்டுமே அளவென்றால், கலவரத்தைத் தணிப்பதற்காக ஒரு நிரபராதியைத் தூக்கிலிடுவதும் சரியாகிவிடாதா? மெக்ளாஸ்கி என்ற மெய்யியலாளர் 1957இல் அப்படிச் செய்யலாமா என்ற நிலையில் நிற்கும் ஒரு ஷெரீப்பை, அதாவது ஊர்க் காவல் அதிகாரியை, கற்பனை செய்து இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கினார். இதைச் சட்டென்று தள்ளிவிடாமல் சற்று நேரம் அதன் முன் உட்கார்ந்திருக்க வேண்டும். அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1955இல் எழுதிய கட்டுரையில் ஒரு வழி காட்டியிருந்தார். தனி ஒரு தண்டனையைக் கேள்வி கேட்பது வேறு, தண்டனை என்னும் ஏற்பாட்டைக் கேள்வி கேட்பது வேறு. நிரபராதிகளைத் தண்டிக்க அதிகாரிகளுக்கு மறைவான உரிமை தரும் ஓர் ஏற்பாட்டை மொத்தமாக எடைபோட்டால் அது தரும் அச்சமும் முறைகேடும் எந்தப் பயனையும் விழுங்கிவிடும் என்றார். எனக்கு இதைவிட உறுதியாகத் தோன்றுவது சட்ட மெய்யியலாளர் ஹெச்.எல்.ஏ. ஹார்ட் 1959இல் செய்த பிரிவினை. தண்டனை என்ற ஏற்பாடு ஏன் இருக்க வேண்டும் என்பதற்குப் பயன் விடை சொல்லட்டும். யாரைத் தண்டிக்கலாம் என்பதற்குக் குற்றம் செய்தவரை மட்டும் என்ற விதி விடை சொல்லட்டும். குற்றத்துக்கு உரியதைக் கொடுத்தே தீர வேண்டும் என்று சொன்ன ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட், கலைந்துபோகும் சமூகம்கூடச் சிறையிலுள்ள கடைசிக் கொலைகாரனைத் தூக்கிலிட்டுவிட்டே கலைய வேண்டும் என்று 1797இல் எழுதினார். அந்த வாக்கியத்தை என்னால் ஏற்க முடியாது. ஆனால் ஒரு மனிதரைப் பிறருக்கான கருவியாக மட்டும் பயன்படுத்தக் கூடாது என்ற அவருடைய எச்சரிக்கையைத் தாளின் தலைப்பில் எழுதிவைத்துக்கொண்டே நான் கணக்கைத் தொடங்குகிறேன். தூய பயன்பாட்டுவாதி இதைக் கலப்படம் என்பார். அந்தக் கலப்படம் இல்லாத கணக்கை எவர் தலை மேலும் நடத்திப் பார்க்க நான் துணிய மாட்டேன்.

என் தாளில் வந்த விடை இது. நீண்ட சிறைத்தண்டனையோடு ஒப்பிடும்போது மரண தண்டனை கூடுதலாகத் தரும் தடுப்புக்கு ஆதாரமில்லை. புகாரைக் குறைக்கவும், சாட்சியைப் பிறழச் செய்யவும், குழந்தையின் உயிருக்கே ஆபத்தைக் கூட்டவும் அதற்கு வலுவான காரணங்கள் உண்டு. அது நான்காவது வாயிலையும் கடக்கவில்லை, ஏனென்றால் விரைவான விசாரணையும், குழந்தையின் கூடவே நீதிமன்றம் வரை வரும் உதவியாளரும், தாமதமில்லாத இழப்பீடும் இதைவிட எளிய வழிகள். உங்கள் விடை வேறாக இருக்கலாம். எதுவானாலும் தாளின் அடியில் தேதியிட்டு, எந்தத் தகவல் மாறினால் உங்கள் முடிவும் மாறும் என்பதை ஒரு வரியில் எழுதிவையுங்கள். என் தாளில் இருக்கும் வரி: மரண தண்டனை வந்த பிறகு புகார்கள் தயங்காமல் வருகின்றன, தீர்ப்புகள் தண்டனையில் முடிகின்றன, குழந்தைகள் உயிரோடு மீட்கப்படுவது குறையவில்லை என்று ஆவணங்கள் காட்டினால் நான் மறுபடி கணக்குப் போடுவேன். அடுத்த ஆண்டறிக்கை வரும்போது அந்தத் தாளை வெளியே எடுக்க வேண்டும்.